பார்க்கிங் வரிக்கு மர்ரே கண்ட வழி

வரி வருகிறது என்றால் சிலர் புலம்புவார்கள், சிலர் புலம்பிக்கொண்டே கட்டுவார்கள். இவர்கள் சாதாரண மனிதர்கள், விட்டுவிடுவோம். மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. செய்தி கேட்டதும் கண்கள் மின்ன, நாற்காலி நுனிக்கு நகர்ந்து, "இதுக்கு ஒரு வழி இருக்கு" என்பவர்கள். இவர்களைச் சந்தித்ததில்லையா? அப்படியானால் வெலிங்டன் நகர நடுவில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கும் மர்ரே டன்னிகிளிஃபைப் பாருங்கள்.

கடையில் இரண்டே ஊழியர்கள். சட்டம் அடிக்கும் ஹேமி சைக்கிளில் வருவான். கணக்குப் பார்க்கும் நோலீன் காரில் வருவார். கொல்லைப்புறத்தில் ஒரு கார் நிற்க இடம் உண்டு. அது இத்தனை காலமும் நோலீனுக்கு இலவசம். அதற்குத்தான் வினை வந்தது. நகர நடுவில் ஊழியருக்கு இலவசமாகக் கொடுக்கும் பார்க்கிங்கும் சம்பளம் மாதிரிதான், முதலாளி அதற்கு வரி கட்ட வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது.

நோலீன் நேராகவே பேசினார். "வரியில பாதிய நான் தரேன், மர்ரே. கார் இல்லாம மத்தியானம் வீட்டுக்குப் போய் எங்க வீட்டுக்காரருக்கு சாப்பாடு குடுத்துட்டு வர முடியாது. படுக்கையில கிடக்கறார். ஒத்துவரலைன்னா சொல்லிடுங்க. ஊருக்கு வெளிய, ஹட் பக்கம் ஒரு கடையில என்னை வேலைக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. அங்க இந்த வரி கிடையாது."

 நோலீன் போய்விட்டால் எந்தப் படம் யாருடையது என்றுகூடக் கடையில் யாருக்கும் தெரியாது. மர்ரே ஒப்புக்கொண்டிருக்கலாம், இல்லையா?

"வரி எதுக்குக் கட்டணும்? இதுக்கு ஒரு வழி இருக்கு."

முதலில் நோலீனின் காரின் இருபுறமும் கடையின் பெயரை எழுதினார். நிற்பது கார் இல்லை, விளம்பரப் பலகை.

"பலகை சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பிப் போகுமா, முதலாளி?" என்றான் ஹேமி.

அடுத்து, பின் இருக்கை முழுக்கச் சட்டங்களை அடுக்கிக் கிடங்கு என்றார். விவரம் கேட்ட கடை ஆடிட்டர் போனிலேயே சிரித்தார். கடைசியில்தான் ஞானம் பிறந்தது. உள்ளே உட்கார்ந்து ஒருவர் வேலை பார்த்தால் அது நிறுத்திய காரா? அலுவலகம்!

கணினி காருக்குள் போனது. தொலைபேசி போனது. கழிப்பறை ஜன்னல் வழியாக, நோலீன் கிளம்பும்போதெல்லாம் கழற்றிவிடும்படி மின்கம்பி வந்தது. தெற்கிலிருந்து அடிக்கும் குளிர்காற்றில் கோட்டைப் பிடித்தபடி வாடிக்கையாளர்கள் கார்க் கண்ணாடியைத் தட்டி ரசீது வாங்கினார்கள்.  நோலீன் தேநீர் மட்டும் கேட்டார். மர்ரேயே மழையில் நனைந்துகொண்டு போய்க் கொடுத்தார்.

சிறு கடைக்காரர்கள் போட்ட கூச்சலில் அரசாங்கம் வரியைக் கைவிட்டது. ஹேமி விசிலடித்தான். மர்ரேவின் முகம் மட்டும் விழுந்துவிட்டது. இவ்வளவு அருமையான வழி வீணாகப் போயிற்றே!

கொல்லைக்குப் போய்க் கண்ணாடியைத் தட்டினார். "வரி இல்லையாம், நோலீன். உள்ள வந்துடுங்க."

கண்ணாடி இரண்டு விரற்கடை இறங்கியது. "வேண்டாம். இங்க ஹீட்டர் இருக்கு, ரேடியோ இருக்கு. நீங்க இல்ல."

கண்ணாடி ஏறிக்கொண்டது.

வாசகரே, நீங்கள் மர்ரே மாதிரி இல்லை என்று தெரியும். பார்க்கிங் காசை மிச்சம் பிடிக்க நீங்கள் ஊரைச் சுற்றிச் சுற்றிப் பெட்ரோலைத் தீர்த்ததெல்லாம் வேறு காரணத்துக்காக. அந்தக் காரணத்தை மட்டும் வீட்டில் விளக்கிச் சொல்லிப் பாருங்கள்.