ஒன்பது கிண்ணம் ராஜ்மா

"ஜூலை 9, புதன், பிற்பகல் 3.10. இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன்."

எழுதியவன் 'சிறு' என்பதை அடித்தான். பைண்டிங் கடையின் கழிப்பறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். அதற்குள் மூன்று முறை வாந்தி. எதற்கும் பட்டியல் போடுகிறவன் என்பதால் கடையில் அவனுக்குப் 'பட்டியல்' என்றே பெயர்.

செவ்வாய்தோறும் மாலையில் சமையல் வகுப்புக்குப் போவான். அங்கே கற்றதைப் புதனன்று கடைக்குச் சமைத்துக் கொண்டுவருவான். மற்றவர்கள் பின்னறையில் சாப்பிட, கடையைப் பார்த்துக்கொண்டு இவன் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவான். இந்த வாரம் ராஜ்மா. குறிப்பில் இருந்தபடியே ஊறவைத்து, ஸ்லோ குக்கரில் இளஞ்சூட்டில் வேகவிட்டிருந்தான்.

அந்தக் குறிப்புத் தாளின் பின்பக்கத்தை இப்போதுதான் பார்க்கிறான். 'முதலில் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். இல்லாவிட்டால் அதிலிருக்கும் நச்சு போகாது.' அவனுடைய கையெழுத்துதான். அடிக்கோடு வேறு.

சமையல் ஆசிரியைக்குப் போன் செய்தான். இளஞ்சூட்டில் அரைவேக்காடாக வெந்தது பச்சையைவிட மோசம் என்று சொல்லிவிட்டு அவர் கேட்டார்: "வேற யாரு சாப்பிட்டாங்க?"

மூன்று பேர். முதலாளி, காகிதம் வெட்டும் மேஸ்திரி, புத்தகம் தைக்கும் அக்கா. அக்காவுக்கு ஏழாம் மாதம்.

வெளியே வந்தான். அக்கா ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்ட கிண்ணங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. ராஜ்மா பாத்திரத்தில் ஒரு பயறுகூட மிச்சமில்லை. எடுத்த எடுப்பில் சொன்னால் பயந்துவிடுவாள் என்று சுற்றி வளைத்தான்.

"அக்கா, இன்னைக்கு ராஜ்மா எப்படி?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு தம்பி."

எவ்வளவு சாப்பிட்டாள் என்று கேட்டபோது அவன் முகம் வெளிறியிருந்தது. அக்காவுக்குப் பாவமாகப் போயிற்று.

"ரெண்டு கிண்ணம்டா. சும்மா சொல்லக் கூடாது."

அவன் முகம் இன்னும் விழுந்தது. ரெண்டு போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்த மேஸ்திரி, தான் மூன்று கிண்ணம் சாப்பிட்டு விரலையும் நக்கியதாகச் சொன்னார். முதலாளி என்றால் ஒரு படி மேலே நிற்க வேண்டுமே. அவர் நான்கு என்றார்.

பட்டியல் குறித்துக்கொண்டான். கூட்டினால் ஒன்பது வந்தது. கொண்டுவந்ததே ஆறு கிண்ணம்தான். தன் கூட்டலில்தான் பிழை என்று மறுபடி கூட்டினான். மறுபடியும் ஒன்பது.

அதற்குமேல் தாங்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, மூவரிடமும் உண்மையைச் சொன்னான். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது வந்து, பட்டியல்..." என்று முதலாளி தொடங்கினார்.

"உங்க குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா, அக்கா, நான்..." அவன் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. முதலாளி சொல்ல வந்ததை விழுங்கிவிட்டார். இந்த நிலையில் இவனிடம் எப்படிச் சொல்வது?

மருத்துவமனையில் நால்வருக்கும் வரிசையாகக் கட்டில் போட்டார்கள். அவன் குறித்துவைத்த கணக்கைப் படித்த டாக்டர், நான்கு கிண்ணக்காரர் யார் என்று கேட்டு முதலாளியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எல்லாருக்கும் ரத்தம் எடுத்து சலைன் ஏற்றச் சொன்னார். பட்டியலுக்கு முதலில் ஏற்றினார்கள். அவன் கையில் ஊசியோடு, பக்கத்துக் கட்டில்களைப் பார்த்து வரிசைப்படி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

நர்ஸ் அடுத்த ஊசியை எடுத்துக்கொண்டு அக்காவின் திரைக்குள் போனாள். உள்ளே நீண்ட கிசுகிசுப்பு. பிறகு மேஸ்திரியிடம், பிறகு முதலாளியிடம். யாருக்கும் ஊசி போடாமலே திரும்பி வந்தாள். அவனுக்கு உயிரே இல்லை.

"குழந்தை?" என்றான்.

"குழந்தை நல்லா இருக்கு. மூணு பேருமே நல்லா இருக்காங்க. உங்ககிட்ட நேர்ல சொல்லத்தான் சங்கடப்படறாங்க." நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நீங்க முதல் வாரம் சமைச்சதைச் சாப்பிட்டதோட சரியாம். அதுக்கப்புறம் புதன்கிழமைன்னா உங்களோடதைக் கொட்டிட்டு, வீட்டுல இருந்து ஒளிச்சுக் கொண்டுவந்த சாப்பாட்டைத்தான் சாப்பிடறாங்களாம்."

ஊசி குத்தாத கையால் அவன் டைரியை எடுத்தான்.

"நாளை: காலையில் முதல் வேலையாக, சாப்பிடாததற்கு மூவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்."