தீர்மானம் சார் வீட்டு லட்சியப் பத்திரம்

விழுப்புரம் ஜங்ஷனில் எத்தனையோ பெரிய மனிதர்கள் ரயில் மாறிப் போயிருக்கிறார்கள். ஆனால் சொந்தக் குடும்பத்துக்கு லட்சியம் எழுதி, அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, பிறகு அதன்படியே நடந்தும் தொலைத்த மனிதர் பூலோகத்தில் ஒருவர்தான். அவர் அங்கே பார்சல் ஆபீஸில் எங்கள் தலைமைக் குமாஸ்தா. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. ஊருக்கே அவர் 'தீர்மானம்'.

ஐம்பதுகளின் கடைசி அது. கூட்டம் என்று நாலு பேர் சேர்ந்தால் தீர்மானம் போடாமல் கலைய மாட்டார்கள். இவர் கூட்டமே இல்லாமல் போட்டார். "இன்னிலேர்ந்து டீயில அரை ஸ்பூன் சக்கரதான்" என்று பார்சல் சீட்டின் பின்பக்கம் எழுதி, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகுவார். மறுநாள் ஒன்றரை ஸ்பூன் போட்ட டீ வரும். மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, "நேத்து தீர்மானத்துக்கு ஒரு திருத்தம்" என்று அடுத்த சீட்டை எடுப்பார். ஒருமுறை கூடையில் வந்த கோழிகள் ஆபீஸ் நேரத்தில் கூச்சல் போட்டதைக் கண்டித்துக்கூட ஒரு தீர்மானம் நிறைவேறியது. கோழிகள் அதற்குக் கட்டுப்படவில்லை.

லட்சியப் பத்திர விவகாரத்தைக் கிளப்பியவர் அவருடைய மச்சான். மனைவி சிவகாமி அம்மாளுக்கு அண்ணன். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி, வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போன தீர்மானத்திடம், வெற்றிலையை மடித்துக்கொண்டே அவர் கேட்டாராம்: "எங்க மண்டிய ஊருக்கே மொத மண்டியா ஆக்கணும்னு நாங்க ஓடிக்கினு இருக்கறோம். உங்க குடும்பம் எதுக்கு மாப்ளே ஓடிக்கினு இருக்குது?"

பதிலைத் தேடிக்கொண்டே தீர்மானம் ரயிலேறினார். திரும்பும் பாசஞ்சரில் மயிலம் வந்தது, விக்கிரவாண்டி வந்தது, முண்டியம்பாக்கம் வந்தது. பதில் மட்டும் வரவில்லை. மறுநாள் ஆபீஸுக்கு வந்தவர் சட்டையைக்கூட மாட்டாமல் கோட்டை மாட்டியது போல ஒரு அவசரத்தில் இருந்தார்.

"தம்பி, கூட்டுறவு சங்கத்துக்கு நோக்கம் எழுதி வெச்சிருக்கறான். பஜனை சபைக்கு எழுதி வெச்சிருக்கறான். இருவது வருசமா நடக்கற குடும்பத்துக்கு ஒரு வரி இல்ல. இது இன்னா நியாயம்?"

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அது எவ்வளவு பெரிய துரதிர்ஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. அடுத்த ஒரு மாதம் ஓய்ந்த நேரமெல்லாம் நான் அந்தப் பத்திரத்தின் வரைவுகளை எழுதிக்கொண்டிருந்தேன். முதல் வரைவின் முதல் வரி, 'உலக சமாதானத்துக்காக இக்குடும்பம் அயராது உழைக்கும்.' அதை வாசித்த சிவகாமி அம்மாள் சொன்னார்: "உலகம் இருக்கட்டும். கொல்லக் கதவுக்குத் தாப்பா போயி மூணு மாசம் ஆவுது."

உலக சமாதானம் அடிக்கப்பட்டது.

பிறகு ஒரு காலையில் குடும்பக் கூட்டம் கூட்டினார். செயலாளர் நான். "அவங்கவங்க விருப்பத்தச் சொல்லுங்க" என்றார். சின்னவள் செல்வி, "நாய் வளக்கணும்" என்றாள். அது பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. பதினெட்டு வயதுப் பெரியவள் மரகதம் எதையோ சொல்ல வாயெடுத்து, அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க எழுதறது எதுன்னாலும் சரிப்பா" என்றாள். ஒருமனதான ஆதரவு என்று என்னைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். சிவகாமி அம்மாள், "எனக்கு ஒல கொதிக்குது" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

கடைசியில் தேறியது மூன்றே வாக்கியம். இக்குடும்பம் யாரிடமும் பொய் சொல்லாது. பசி என்று வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பாது. ஒருவர் வாழ்க்கையை அவரைக் கேட்காமல் இன்னொருவர் முடிவு செய்ய மாட்டார். கீழே நால்வர் கையெழுத்து. சாட்சி நான். கண்ணாடிச் சட்டம் போட்டு முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் தொங்கவிட்டார்.

முதல் வாக்கியம் முதல் வாரமே வேலையைக் காட்டியது. பக்கத்து வீட்டம்மா கேப்பை அடை செய்து அனுப்பியிருந்தார். மாலையில் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அடை எப்படிங்க இருந்துச்சி?" என்று கேட்டார்.

"ஓரமெல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சிங்க."

"நடுவுல?"

தீர்மானம் திரும்பி, ஜன்னல் வழியே சுவரில் இருந்த பத்திரத்தைப் பார்த்தார். "நடுவுல வேகலீங்க" என்றார். மூன்று மாதத்துக்கு அந்த வீட்டிலிருந்து உப்புக்கல்கூட வரவில்லை.

இரண்டாவது வாக்கியத்தின் விளைவு இன்னும் பெரியது. ஏதோ ஒரு மாதா கோயில் திருவிழாவில் வாசித்துவிட்டுத் திரும்பிய பேண்டு கோஷ்டி ஒன்று, இணைப்பு ரயிலைத் தவறவிட்டு எங்கள் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தது. மொத்தம் பதினோரு பேர். தீர்மானம் அவர்களிடம் போய், டாக்டர் மாதிரி ஒவ்வொருவராக, "பசிக்குதுங்களா?" என்று விசாரித்தார். பதினோரு பேருக்கும் பசித்தது. டிரம்மும் டிரம்பெட்டுமாகத் தெருவில் நுழைந்தவர்களைப் பார்த்ததும் சிவகாமி அம்மாள் அடுப்பைப் பற்றவைத்தார். இருந்த மாவையெல்லாம் கொட்டிக் களி கிண்டினார்.

சாப்பிட்ட நன்றிக்கு அவர்கள் வாசலில் நின்று அரைமணி நேரம் வாசித்தார்கள். மரகதத்துக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று தெருவே கூடிவிட்டது. அந்தச் செய்தி திண்டிவனம் மண்டிக்கும் போய்ச் சேர்ந்தது.

மச்சான் மறு ரயிலில் வந்து இறங்கினார். "வயசுப் பொண்ண வெச்சிக்கினு வாசல்ல பேண்டு வாசிச்சா ஊரு இன்னா பேசும் மாப்ளே? நானே ஜல்தியா ஒரு எடம் பாத்து முடிக்கறேன்."

பார்த்தும் விட்டார். பையனுக்குத் திண்டிவனத்தில் சர்க்கார் வேலை, பிரம்மதேசம் பக்கம் கிணற்றோடு நிலம். தீர்மானத்துக்கு நிலைகொள்ளவில்லை. கல்யாணப் பந்தியில் பாயசம் ஒன்றா இரண்டா என்பது பற்றி மட்டும் ஏழு தீர்மானம் போட்டார்.

பெண் பார்க்க வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். பையனின் அப்பா நிதானமான மனிதர். பஜ்ஜி வருவதற்குள் எழுந்து போய், சுவரில் இருந்ததை வரிவரியாக வாசித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு மேல படிக்கணும், வேலைக்குப் போவணும்னா ஒத்துவராதுங்க. உங்க பொண்ணுக்கு அப்பிடி எதுவும் ஆச இல்லியே?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் கெடையாது" என்றார் மச்சான்.

"உங்கள கேக்கலீங்க" என்ற பெரியவர் சட்டத்தைக் காட்டினார். "பொய் சொல்றதில்லன்னு எழுதி வெச்சிருக்கறாரே, அவரு சொல்லட்டும்."

தீர்மானம் வேட்டி ஓரத்தை முறுக்க ஆரம்பித்தார். இந்தச் சம்பந்தத்தை அவர் எவ்வளவு விரும்பினார் என்பது எனக்குத் தெரியும். முறுக்கிக்கொண்டே இருந்த விரல்கள் ஒரு கட்டத்தில் நின்றன.

"இருக்குதுங்க" என்றார். "டீச்சர் டிரெயினிங்குக்கு வாங்கின அப்ளிகேசன அவ புத்தகத்துல பாத்தேன். பாக்காத மாதிரி திருப்பி வெச்சிட்டேன். இந்த எடம் தவறிப்போயிடுமேன்னு பயம். தப்பு என்னுது."

மச்சான் இருமினார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. தீர்மானம் மகள் பக்கம் திரும்பினார். "மொதல்லியே கேட்டிருக்கணும். இப்ப கேக்கறேன். உனக்கு இன்னா வேணும்மா?"

பஜ்ஜித் தட்டோடு வந்து நின்ற மரகதம் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "டீச்சராவணும்பா. மத்ததெல்லாம் அப்புறம்."

சிவகாமி அம்மாள் வந்து தட்டை வாங்கி எல்லாருக்கும் நடுவில் வைத்தார். "ஆறிடப்போவுது, சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். அந்தப் பெரியவர் மரியாதை தெரிந்தவர். வந்தவர்கள் எல்லோருமே சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். மச்சான் மட்டும் தொடவில்லை. "ஒரு காயிதத்துக்காவ எம் மூஞ்சில கரியப் பூசிட்டீங்களே மாப்ளே" என்று செருப்பை மாட்டியவர், இரண்டு வருஷம் அந்த வாசலை மிதிக்கவில்லை.

மறுநாள் ஆபீஸில், "எழுதறப்ப சுலுவா இருந்துச்சி தம்பி" என்றார் தீர்மானம்.

மரகதம் திண்டிவனத்தில் டிரெயினிங் ஸ்கூலில் சேர்ந்தாள், டீச்சரானாள், கூட வேலை பார்த்த ஒரு வாத்தியாரைத் தனக்குப் பிடித்திருக்கிறது என்று அப்பாவிடம் நேராகவே சொன்னாள். அந்தக் கல்யாணப் பந்தியில் நின்று உரக்க அதிகாரம் பண்ணியவர் மல்லாட்டை மண்டி மாமாதான். எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது.

ஆனால் தீர்மானத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வேறொரு நாள். மரகதத்தை டிரெயினிங் ஸ்கூல் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வருவதற்காக அன்று அவர் லீவு. சாயங்காலப் பாசஞ்சரில் இறங்கியவர் வீட்டுக்குப் போகாமல் ஆபீஸுக்குள் வந்து, கட்டி வைத்திருந்த ஒரு சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"வீட்டுக்குப் போவலீங்களா சார்?"

"போவணும். அக்கா எங்கன்னு சின்னவ கேப்பா. சிவகாமி ஒண்ணும் கேக்க மாட்டா. அதான் இன்னும் கஷ்டம்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கொஞ்ச நேரம் இங்க உக்காந்துக்கறேன் தம்பி."

எனக்கு அப்போதே வேலை முடிந்திருந்தது. பையை மறுபடி ஆணியில் மாட்டினேன். இரண்டு டீ சொல்லிவிட்டு, அவர் எழுந்திருக்கும்வரை பக்கத்து மூட்டையில் உட்கார்ந்திருந்தேன்.