ஹாலில் எட்டு ஒத்திகை

இனி லீவு என்றால் கூடாரம்தான். மைத்துனர் வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. பல் தேய்த்துக்கொண்டே அதிகாரி இந்த முடிவுக்கு வந்தார்.

மைத்துனர் நல்ல மனிதர்தான். ஆனால் புதிதாகக் கட்டிய மாடிப்படியைப் பற்றி ஆரம்பித்தால் ஒரு படிக்கு ஒரு மணி நேரம் பேசுவார். மொத்தம் பதினெட்டுப் படி. உள்நாட்டில் கூடாரம் போட்டால் எட்டிப் பார்க்க வந்துவிடுவார் என்பதால், வெளிநாட்டில் ஒரு ஏரிக்கரையாகப் பார்த்துப் பதிவு செய்தார்.

அவர் மனைவி பல் டாக்டர். வாயைத் திறந்துவைத்துப் பதில் சொல்ல முடியாமல் கிடப்பவர்களிடமே பேசிப் பழகியவள்.

"ரெண்டு வயசுக் குழந்தைய கூட்டிட்டு டென்ட்டா?"

"ஏன், குழந்தைன்னா தூங்காதா?"

"சரி. அங்க போய், பாப்பா அதுல மத்தியானம் ரெண்டு மணி நேரம் முழுசா தூங்கட்டும். அப்புறம் எப்ப லீவு விட்டாலும் டென்ட்தான், நான் வாயே திறக்க மாட்டேன். தூங்கலைன்னா, எப்பவும் போல எங்க அண்ணன் வீடு."

"ஒத்திகை பார்த்துட்டா போதும். முடிஞ்சது கதை!"

ஒரு தொழிற்சாலையில் தீயணைப்பு ஒத்திகை நடத்துவதுதான் அவர் உத்தியோகம். மணியடித்தால் நானூறு பேர் மூன்று நிமிடத்தில் கீழே இறங்கியாக வேண்டும். அவருக்கு ஒரு கூடாரம் எம்மாத்திரம்?

ஹாலில் எட்டு முறை கூடாரம் போட்டார். கயிறுகளை சோபா கால், ஃப்ரிட்ஜ், சாப்பாட்டு மேஜை, ஜன்னல் கம்பி என்று நான்கு பக்கமும் கட்டினார். பாப்பா எட்டு முறையும் உள்ளே போய்ச் சமர்த்தாகத் தூங்கினாள். ஒத்திகையில் பயன்பட்ட நாற்பத்தோரு பொருளையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக டிக் அடித்துப் பெட்டியில் வைத்தார்.

ஏரிக்கரை. பசும்புல். அதிகாரி கூடாரத்தை விரித்தார், கம்புகளைக் கோத்தார், கயிற்றை இழுத்தார். கட்டுவதற்கு சோபா காலைத் தேடித் திரும்பினார்.

அப்போதுதான் உறைத்தது. ஹாலில் டைல்ஸ் தரையில் எவனாவது முளை அடிப்பானா? அடிக்கவில்லை. அதனால் பட்டியலில் முளை இல்லை. பெட்டியிலும் இல்லை.

"என்னங்க, சிலை மாதிரி நிக்கறீங்க?"

"காத்து எந்தப் பக்கம்னு பார்க்கறேன்."

ஒரு கயிற்றை மரத்தில் கட்டினார். ஒன்றை வாடகைக் கார் சக்கரத்தில், ஒன்றைப் பெரிய பெட்டியின் கைப்பிடியில். நான்காவதை, வேறு வழியில்லாமல், கையில் பிடித்துக்கொண்டார்.

"நீங்க உள்ள வரலையா?"

"நான் வெளிய காவல். நீங்க தூங்குங்க."

பாப்பா தூங்கிப்போனாள். அதிகாரிக்கு உள்ளூர ஒரே குஷி. இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்தால் ஆயுசுக்கும் விடுதலை!

பக்கத்துக் கூடாரத்து வெள்ளைத் தாடிக்காரர் கயிற்றைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், உள்ளே போய் நான்கு முளையும் சுத்தியலுமாக வந்தார். மனைவி திரையை விலக்கித் தலையை நீட்டினாள்.

"எதுக்குங்க அது?"

முளையை வாங்கினால் மறந்தது தெரிந்துவிடும். மானம் போய்விடும். அதிகாரி இடக்கையை ஆட்டி, புஜத்தைக் காட்டி, இது உடற்பயிற்சி என்று தாடிக்காரருக்கு விளக்கினார். அவர் மரியாதையாக ஒதுங்கிவிட்டார்.

முதல் மணி நேரத்தில் தோள் வலித்தது. அப்புறம் தோளே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. மூக்கு நுனியில் ஒரு ஈ குடித்தனம் வைத்தது. எறும்பு ஒன்று கால்சட்டைக்குள் மேல்நோக்கிப் புறப்பட்டது. அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டு மணி நேரம் ஐந்து நிமிடம் கழித்துப் பாப்பா சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள், பின்னாலேயே மனைவியும். கயிறு கைநழுவ, கூடாரம் பொத்தென்று படுத்தது. யாருக்கு என்ன கவலை?

"ஜெயிச்சுட்டேன்! இனிமே எல்லா லீவுக்கும் டென்ட்தான்!"

"மறுக்கவே இல்லீங்க. நீங்க ஜெயிச்சுடுவீங்கன்னு தெரியும். அண்ணன்கிட்ட அப்பவே சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"அவர் தோட்டத்துல உங்க டென்ட்டுக்கு இடம் ஒதுக்கச் சொல்லி. நீங்க தனியா இருப்பீங்களேன்னு, அவரும் உங்ககூட அதுலயே படுத்துக்கறாராம்."