எதிர்வீட்டுப் பச்சை அட்டை

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், ஞாயிறு மதியம், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. உங்கள் தங்கை சுகம். என்னைப் பற்றிப் பின்னால் வருகிறேன். அங்கே அக்காவின் முழங்கால், பிள்ளைகளின் படிப்பு, உங்கள் அலுவலகத்துப் புது மேலாளர் எல்லாம் கட்டுக்குள் இருப்பதாக நம்புகிறேன். உங்களிடம் ஓர் உதவி கேட்கத்தான் இந்தக் கடிதம். எடுத்த எடுப்பிலேயே கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவீர்கள் என்பதால் கதையை முதலில் சொல்கிறேன்.

எங்கள் எதிர்வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியும். போன தடவை நீங்கள் வண்டியிலிருந்து காலை எடுத்து வைப்பதற்குள் "படி இருக்கு, பத்திரம்" என்று மாடியிலிருந்து குரல் கொடுத்தாரே, அவரேதான். லிஃப்ட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் கயிறு அறுந்துவிடுமா என்று பார்த்தே வாழ்ந்த மனிதர், இப்போது லிஃப்ட் இல்லாததால் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தெருவில் அவருக்குப் பெயரே பத்திரம்தான். அவர் வீட்டில் கேஸ் கசிந்தால் மணி அடிக்கும், புகை வந்தால் வேறு மணி அடிக்கும், அடுப்புப் பக்கத்தில் சிவப்பாக ஒரு தீயணைப்பு உருளை, குளியலறையில் பிடித்துக்கொள்ள நாலு இடத்தில் கம்பி. உங்கள் தங்கை வாரத்துக்கு மூன்று முறை அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்து, நம் வீட்டுக் குளியலறை வாசலில் நின்று பெருமூச்சு விடுவாள். பெருமூச்சு குளியலறையைப் பார்த்துத்தான், ஆனால் பட்டது என் மேல்.

எனக்குப் பொறாமை கிடையாது மச்சான், அதை நீங்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு புகை மணி வாங்கி அடுப்புக்கு நேர் மேலே மாட்டினேன், அவ்வளவுதான். எண்ணெய் காய்ந்தாலே அலறியது. மூன்றாம் நாள் உங்கள் தங்கை துடைப்பக் கட்டையால் அதை ஒரே அடியில் அடக்கினாள். அப்புறம் வழுக்காத பாய் ஒன்று வாங்கிக் குளியலறையில் போட்டேன். பாய் வழுக்கவே இல்லை, சொன்ன சொல் காப்பாற்றியது. அதன் ஓரம் தடுக்கி நான்தான் வாளிக்குள் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் அடங்குவதற்குள் எதிர் மாடியிலிருந்து குரல் வந்தது: "என்ன சார், பாய் போட்டீங்களா?" அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. வாளியிலிருந்து எழுந்திருப்பதே அப்போது பெரிய வேலையாக இருந்தது.

இந்த நிலைமையில்தான் நகரத்து நீர் அலுவலகத்துக்குத் திடீரென்று சுறுசுறுப்பு வந்தது. வீட்டுக்கு ஒரு பாட்டில் கொடுத்தார்கள். நீல மூடி, மேலே கதவு எண். காலையில் எழுந்ததும் சமையலறைக் குழாயில் பிடித்து கேட்டில் தொங்கவிட்டால் வண்டி வந்து எடுத்துப் போகும். தண்ணீர் நன்றாக இருந்தால் பச்சை அட்டை, சுமாராக இருந்தால் மஞ்சள், குடிக்கவே கூடாது என்றால் சிவப்பு. நானோ மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன். இலவசமாக ஒரு நல்ல பாட்டில் கையில் கிடைத்தால் என்ன செய்வேன்? லென்ஸ் துடைக்கும் திரவத்தை ஊற்றிக் கடைக்குக் கொண்டுபோய்விட்டேன். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்கிறவன் பாட்டிலில் ஒட்டியிருந்த ஐந்து வரியைப் படிக்கவில்லை.

பத்து நாள் கழித்துத் தெரு முழுக்க மஞ்சள் அட்டை. ஒரே ஒரு பச்சை. யாருக்கு என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பத்திரம் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கூடத்தில் தன் கல்யாணப் படத்துக்கும் மகள் பட்டம் வாங்கிய படத்துக்கும் நடுவில் மாட்டினார். உங்கள் தங்கை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு பெரிய ஜாடியில் அந்த வீட்டுத் தண்ணீரை வாங்கிவர ஆரம்பித்தாள். ஒரு டம்ளர் ஊற்றி என் முன்னால் வைத்து, "குடிச்சுப் பாருங்க. தொண்டையில இறங்கறதே தெரியல. தண்ணின்னா இது" என்றாள். மச்சான், இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் வாங்கிக் கொடுத்த எதைப் பற்றியும் அவள் இப்படிச் சொன்னதில்லை. ஒருவன் காரைப் பார்த்துப் பொறாமைப்படலாம், வீட்டைப் பார்த்துப் படலாம், தலைமுடியைப் பார்த்துக்கூடப் படலாம், அதற்கெல்லாம் ஒரு கௌரவம் இருக்கிறது. நிறமில்லாத, மணமில்லாத ஒரு பொருளைப் பார்த்து வயிறெரிந்த முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

விட்டுப்போன வீடுகளுக்கு இரண்டாம் சுற்று வந்தது. மறுபடியும் நீல மூடி பாட்டில். இந்த முறை ஐந்து வரியையும் இரண்டு தரம் படித்தேன். படித்துவிட்டு யோசித்தேன்: நம் குழாயில் பிடித்தால் மஞ்சள் வரும். மஞ்சளாக இருந்தாலும் பரவாயில்லை, தெருவே மஞ்சள்தான். ஆனால் பத்திரம் வந்து என் தோளைத் தட்டி, "மஞ்சள்னா பயப்படாதீங்க சார், எங்க வீட்லேருந்து எடுத்துக்கோங்க" என்பார். அந்தத் தோள் தட்டலை என்னால் தாங்க முடியாது. சமையலறை மேடையில் முந்தின சாயங்காலத்து ஜாடி பாதி நிறைய இருந்தது. உங்கள் தங்கை குளித்துக்கொண்டிருந்தாள். பாட்டிலை ஜாடியில் முக்கி, மூடியைத் திருகி, கேட்டில் தொங்கவிட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி செய்தித்தாள் படித்தேன். அவர் பச்சையை வைத்தே எனக்கொரு பச்சை. அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

வியாழக்கிழமை நீர் அலுவலகத்து ஆள் வந்தார். என் கையில் எதுவும் கொடுக்கவில்லை. நேராக கேட்டில் சிவப்பு அட்டையைக் கட்டினார், தெருவே பார்க்க.

"ஈயம் சார். அளவுக்கு மேல இருக்கு. கொதிக்க வச்சாலும் போகாது. முக்கியமா கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கவே கூடாது. மெயின்ல ஒண்ணும் இல்ல, வீட்டுக்குள்ள ஓடற பழைய குழாய்தான் காரணம்."

நம் வீடு கட்டிப் பன்னிரண்டு வருடம்தான் ஆகிறது, எல்லாம் பிளாஸ்டிக் குழாய், நீங்களே கூட நின்று பார்த்திருக்கிறீர்கள். உங்கள் தங்கை கேட்கவில்லை, குழாய்க்காரரை வரவழைத்தாள். அவர் மூன்று இடத்தில் சுவரைத் தட்டி, ஓர் இடத்தில் உடைத்து, கீழே உட்கார்ந்து என்னையே பார்த்தார். "சார், சுவத்துல ஈயம் இல்ல. உங்க முகத்துலதான் என்னமோ ஓடுது" என்றார். எதிர்வீடோ பத்திரத்தின் அப்பா கட்டியது. அந்தக் காலத்துக் குழாய். அப்படியானால் முதல் சுற்றில் அவருக்குப் பச்சை எப்படி வந்தது? யாரையோ பிடித்துத்தான் வாங்கியிருப்பார் என்று முடிவு செய்தேன். அன்று சாயங்காலம் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தேன், ஒளிப்பானேன்.

சந்தோஷம் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும்தான் நின்றது. நம் வீட்டுக்குச் சிவப்பு வந்துவிட்டதால் உங்கள் தங்கை இனி குடிக்க, சமைக்க, பல் தேய்க்க எல்லாவற்றுக்கும் எதிர்வீட்டுத் தண்ணீர்தான் என்று சட்டம் போட்டுவிட்டாள். ஜாடி போய் இரண்டு குடம் வந்தது. இப்போது என் தினசரி வேலை என்ன தெரியுமா? அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் இரண்டு குடத்தையும் செடிக்குக் கொட்டிவிட்டு, நம் குழாயில் பிடித்து வைக்கிறேன். அவள் ஒரு டம்ளர் மொண்டு குடித்து, கண்ணை மூடி, "இதுதான் தண்ணி. நம்ம வீட்லயும் இருக்கே" என்கிறாள். மச்சான், நம் வீட்டுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே நம் வீட்டுத் தண்ணீரைத் திட்டுகிறாள்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் போன வாரம் பத்திரத்தின் மகள் மூன்று மாதக் குழந்தையோடு வந்திருக்கிறாள். குழந்தைக்குப் பால் பவுடர்தான், அந்த வீட்டுத் தண்ணீரில். வெள்ளிக்கிழமை காலை இரண்டு கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய் நின்றேன். "கடையில ஒரு சலுகை, கண்ணாடி வாங்கினா தண்ணி இலவசம், மிஞ்சிப்போச்சு, குழந்தைக்கு வச்சுக்கோங்க" என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

பத்திரம் கேனையும் பார்த்தார், எதிரே நம் கேட்டில் ஆடிக்கொண்டிருந்த சிவப்பு அட்டையையும் பார்த்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக்கே சிவப்பு. நீங்க எங்களுக்குத் தண்ணி தர்றீங்களா?"

"இது கடைத் தண்ணி சார்."

"எந்தக் கடை, கண்ணாடிக் கடையா?" என்றார். சனிக்கிழமை அந்தக் கேன் தண்ணீரில் அவர் வீட்டு வாசல் கழுவியதை என் கண்ணால் பார்த்தேன்.

இனி உதவி. உண்மையைச் சொல்ல வேண்டுமானால் அவர் தண்ணீரை என் பாட்டிலில் பிடித்ததைச் சொல்ல வேண்டும். அது உங்கள் தங்கை காதுக்கு வரும், அப்புறம் நான் இந்த வீட்டில் எந்தத் தண்ணீரும் குடிக்க முடியாது. என் கையெழுத்து அவருக்குத் தெரியும். உங்களுடையது தெரியாது, அதோடு அது பார்ப்பதற்கு மேலதிகாரி உத்தரவு மாதிரியே இருக்கும். ஆகவே, "ஐயா, உங்கள் வீட்டுக் குழாயில் ஈயம் இருக்கிறது, குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், இப்படிக்கு நலம் விரும்பி" என்று நாலு வரி எழுதி, விரைவுத் தபாலில் அவர் முகவரிக்கு அனுப்பிவிடுங்கள். செவ்வாய்க்கிழமைக்குள் கிடைத்துவிடும். முகவரி நம்முடையதுதான், கதவு எண்ணை மட்டும் ஒன்று குறைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், நல்ல தண்ணீர் குடித்து, யாருடைய தண்ணீரையும் எட்டிப் பார்க்காமல் நீண்ட நாள் வாழ வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி.

என்றும் உங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உதவி வேண்டாம். நலம் விரும்பி எழுத வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டு வராந்தாவில் அந்தப் பெண் பால் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தாள், குழந்தை கையை நீட்டிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை வரைக்கும் எத்தனை பாட்டில் என்று மனசு கணக்குப் போட்டது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். "குடுக்காதேம்மா" என்று பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு, ஜாடியில் முக்கியது வரைக்கும் மொத்தத்தையும் சொல்லிவிட்டேன். என் பின்னாலேயே ஓடிவந்த உங்கள் தங்கையும் கேட்டாள். பத்திரம் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். நான் அடி வாங்கத் தயாராக நின்றேன்.

"சார்" என்றார். "முதல் தடவை பாட்டில் குடுத்த அன்னிக்கு எங்க குழாயில பழுப்பா வந்துச்சு. ஊருக்கே பத்திரம் சொல்றவன், அதை எப்படிக் குடுக்கறது? உங்க வாசல் குழாயில பிடிச்சுட்டேன். ஒரே தெரு, ஒரே மெயின், எல்லாம் ஒரே தண்ணிதானேன்னு நினைச்சேன்."

ஆக, ஒரு மாதமாக நான் வயிறெரிந்தது என் தண்ணீரைப் பார்த்துத்தான். அவர் மகள் எங்கள் இருவரையும் பார்த்த பார்வைக்கு நீர் அலுவலகத்திடம் இன்னும் அட்டை கிடையாது. டாக்டரிடம் பேசிவிட்டாள். சில நாள்தானே, பயம் வேண்டாம், நாளைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம் என்றாராம். அந்த வீட்டுக் குழாய்களைப் பிடுங்க நாளைக் காலை ஆள் வருகிறார். அதுவரைக்கும் இரண்டு வீட்டுக்கும் நம் குழாய்தான். பச்சை அட்டையை நியாயமாகக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். "பேர் என்னோடதுதானே சார் போட்டிருக்கு" என்கிறார். அது இன்னும் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது.

சற்று முன் பத்திரத்தின் மனைவி நம் சமையலறையில் நின்று, நம் தண்ணீரில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க வீட்டுத் தண்ணியில ஒரு ருசி இருந்துச்சு" என்றார். உங்கள் தங்கை, "ஆமாங்க, அது வராது" என்கிறாள்.