பேனரில் கைகூப்பி நின்ற வீட்டுக்காரன்

என் முகத்தைப் பார்த்தாலே ஜனங்களுக்கு நம்பிக்கை வந்துவிடும் என்று மனதார நம்பிய காலம் ஒன்று எனக்கு உண்டு. நம்பிக்கை வரத்தான் செய்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

தெப்ராவில் நாங்கள் குடியிருக்கும் தெரஸ் வீட்டை ஒட்டியே இன்னொரு வீடும் எங்களுக்கு உண்டு. நடுவில் ஒரே சுவர். (இந்தப் பக்கம் ஏப்பம் விட்டால் அந்தப் பக்கம் ‘என்ன சாப்பிட்டீங்க?’ என்று கேட்கலாம்.) அந்த வீடு காலியானதும் என் மச்சினன் முரளி பாலோ ஊரிலிருந்து வந்து, ஹாலின் நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டிப் பார்த்தான். முரளி உருமி மேளக் குழு வைத்திருப்பவன். எட்டுப் பேர், தினமும் பயிற்சி.

“எக்கோ நல்லா கெடைக்குது மாமா,” என்றான்.

நான் அந்த ஒற்றைச் சுவர் எவ்வளவு தடிமன் என்று தட்டிப் பார்த்தேன். என் மனைவி கலாவுக்கோ தம்பி என்றால் உயிர். “இந்த மாசக் கடைசிக்குள்ள நல்ல ஆளா யாராவது வாடகைக்கு வந்தா சரி. இல்லன்னா முரளி வந்துக்கட்டும்,” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

முகநூலில் விளம்பரம் போட்டேன். மூன்று பேர் லைக் போட்டார்கள், அதில் ஒருவன் முரளி. வேறு வழியில்லாமல் பேனர் கடைக்குப் போனேன். மாநிலத் தேர்தல் நேரம். கடை முழுக்க வேட்பாளர்கள் சிரித்தபடி காய்ந்துகொண்டிருந்தார்கள். கடைக்காரர் பாய் நிமிராமலே சொன்னார்: “அண்ணே, வெறும் எழுத்து போட்டா யாரும் பாக்க மாட்டாங்க. மொகம் போடணும். நல்ல ஆளு குடி வரணும்னா வீட்டுக்காரரு நல்லவருன்னு தெரியணும்ல?”

இதைவிட நியாயமான பேச்சை நான் அதுவரை கேட்டதில்லை. அக்கா மகள் கல்யாணத்தில் வாசலில் நின்று விருந்தினரை வரவேற்றபோது எடுத்த படம் கைபேசியில் இருந்தது. பாத்தேக் சட்டை, கூப்பிய கை, முப்பத்திரண்டு பல். அதைக் கொடுத்தேன். வாசகத்தையும் நானே எழுதினேன்: ‘நல்ல குடும்பங்களுக்காக, உங்கள் சேகர்.’ மலாய் மொழியிலும் அதையே போடச் சொன்னேன். பக்கத்தில் பெரிதாகத் தொலைபேசி எண்.

“வீடு வாடகைக்குன்னு எங்கண்ணே போடறது?” என்று பாய் கேட்டார்.

படத்தைச் சின்னதாக்க எனக்கு மனம் வரவில்லை. “கீழ ஓரமா போடுங்க பாய், பாக்கறவன் பாத்துக்குவான்,” என்றேன்.

எங்கள் தாமான் குடியிருப்பின் நுழைவாயில் வேலியில், வேட்பாளர்களின் முகங்களுக்கு நடுவே (கிடைத்த இடம் அதுதான்!) நானே கட்டினேன். வேலியோரம் முழங்கால் உயரத்துக்கு லாலான் புல். பேனரின் கீழ் வரி அதற்குள் மறைந்துவிட்டதை நான் கவனிக்கவில்லை. என் பல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையே போன்.

“ஹலோ, பேனர்ல இருக்கறது நீங்கதானா?”

“ஆமாங்க, நான்தான்! வீட்டுல எத்தனை பேரு?”

“ஏழு பேரு. எல்லாம் உங்களுக்குத்தான்னு வச்சுக்குங்க. ஆனா எங்க லோரோங்ல தெரு லைட்டே எரியல லா. எப்ப வந்து பாக்கறீங்க?”

“நான் எதுக்குங்க வரணும்? நீங்கதான் வரணும்.”

“பாத்தியா!” என்று அவர் பக்கத்தில் யாரிடமோ சொன்னார். “ஜெயிக்கறதுக்கு முன்னாடியே வரமாட்டேங்கறாரு.”

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆள் கொஞ்சம் ஒரு மாதிரி என்று முடிவுகட்டிவிட்டேன். அடுத்து, மூலை வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக் சைத்தோன் நேரிலேயே வந்தார். லோங்காங் வடிகால் அடைத்துக்கொண்டு வாசலில் சாக்கடைத் தண்ணீர் நிற்பதைக் கைபேசியில் படம் படமாகக் காட்டினார். பேச்சுக்குப் பேச்சு ‘ஒய்.பி.’ என்று வேறு அழைத்தார். சட்டமன்ற உறுப்பினர்களை இங்கே மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். இப்போது எனக்கு விஷயம் புரிந்தது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அதுவரை என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதே இல்லை பாருங்கள். “பாக்கறேன் மக்சிக்,” என்று சொல்லித் தொலைத்தேன். பேனரையும் கழற்றவில்லை. நகராண்மைக்கு ஒன்பது தடவை போன் போட்டு அந்த லோங்காங்கைச் சுத்தம் செய்ய வைத்தேன்.

இதற்கிடையில், புல்லை விலக்கிக் கீழ் வரியைப் படித்த ஒரே குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வந்தது. கணவன், மனைவி இருவரும் ஆசிரியர்கள். செருப்பை வரிசையாக விட்டார்கள். மெல்லப் பேசினார்கள். அந்த அம்மா நடுச்சுவரைத் தட்டிப் பார்த்து, “இங்க சத்தம் கித்தம் இருக்காதே சார்? எங்களுக்கு அமைதிதான் முக்கியம்,” என்றார். எனக்கு அவர் காலில் விழத் தோன்றியது.

“குண்டூசி விழுந்தாகூட கேக்கும் மேடம்,” என்றேன்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் உருமி அலறியது. மாமா தேர்தலில் நிற்கிறார் என்று யாரோ சொல்ல, முரளி தன் குழுவோடு வேன் பிடித்து வந்துவிட்டான். பின்னால் நன்றிக்கடனாக மக்சிக் சைத்தோன். அவருக்குப் பின்னால் லோரோங் சந்து ஜனம் முழுக்க. ஹாலுக்குள்ளேயே புகுந்து அடித்தார்கள். முரளி என் கழுத்தில் மாலையைப் போட்டு, “எங்ககிட்ட ஏன் மாமா சொல்லல?” என்று கண்கலங்கினான். ஆசிரியர் ஏதோ சொன்னார், வாயசைவு மட்டும் தெரிந்தது. நான் மாலையோடு அவர்கள் கார் வரைக்கும் துரத்திக்கொண்டு ஓடினேன். (மாலை போட்ட ஆள் துரத்தினால் யார்தான் நிற்பார்கள்?)

மாசம் முடிந்தது. முரளி குடிவந்தான்.

இப்போது தினமும் மாலை ஆறு மணிக்குப் பயிற்சி. எங்கள் சமையலறைத் தட்டுகள் தாளம் தப்பாமல் ஆடுகின்றன. நான் வேலை விட்டு வந்து கேட்டைத் திறந்தால், “ஒய்.பி. வந்துட்டாரு!” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல், கூடவே ஓர் அடி. சாஆ ஊரில் இருக்கும் பெரியம்மா வரைக்கும், கலாவின் சொந்தபந்தம் அத்தனைக்கும் நான் ஒய்.பி.தான்.

கடைசி நம்பிக்கையாகப் போன வாரம் மக்சிக் சைத்தோனிடம் போனேன். இலை விழுந்தாலும் புகார் எழுதும் பெண்மணி. இந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு கடிதம் எழுதிப் போடக்கூடாதா என்று காதோடு காதாகக் கெஞ்சினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தாக் அப்பா லா, ஒய்.பி.,” என்றார்.

பரவாயில்லையாம். லோங்காங்கைச் சரிசெய்து கொடுத்தவரின் மச்சினன் மேல் யாராவது புகார் கொடுப்பார்களா என்று கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு தட்டு நிறையக் குவே பலகாரம் கொண்டுவந்து தந்தார். அதில் பாதி முரளிக்காம்.