குகைக்குள் ஓர் அக்கறைக்காரர்

காலை ஆறரை மணிக்குச் செய்தி வந்தது: சீட்டுக்காரப் பெண்களின் இந்த வருட உல்லாசப் பயணத்தில் சுலாஸ்மியும் டியூபில் மிதந்து குகை ஆற்றுக்குள் போகப்போகிறாராம். செய்தி வந்த கையோடு வுர்யானி பரபரத்தார். காரணம், வுர்யானி ஓர் அக்கறைக்காரர்.

அக்கறைக்காரரை உங்களுக்குத் தெரியும். பருத்த உடம்பு ஒன்று கண்ணில் பட்டால் போதும், அதன் மூட்டு, மூச்சு, முதுகுத்தண்டு அத்தனைக்கும் தானே பொறுப்பேற்றுக்கொள்கிற இனம் அது. "அடடே, பூசின மாதிரி ஆயிட்டீங்களே!" என்பதுதான் அவருடைய வணக்கம். பொரித்த சோயாத் துண்டான தெம்பேயைக் கடித்துக்கொண்டே உங்களை ராத்திரிச் சோற்றை விடச் சொல்வார். ஜாமு என்கிற கசப்பு மூலிகைக் கஷாயத்தைக் காய்ச்சி வந்து வாயில் ஊற்றாத குறையாக நிற்பார். நீங்கள் உட்காரப் போகும்போது, "பாத்து, அது பிளாஸ்டிக் நாற்காலி" என்று ஊருக்கே அறிவிப்பார். கெட்டவரா? இல்லவே இல்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதல் ஆளாக வந்து அடுப்பு மூட்டுகிறவரும் இவரே. அதனால்தான் இவரைத் திட்டவும் முடிவதில்லை.

போன வருடமும் இதே குகைதான். அப்போது வுர்யானியின் அக்கறையால் சுலாஸ்மி கரையில் உட்கார்ந்து எல்லோருடைய பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல் இருந்தார். திரும்பி வந்தவர்கள், குகைக் கூரையின் ஓட்டை வழியே ஆற்றில் வெயில் விழுகிற படத்தைக் காட்டினார்கள். "நல்லா இருக்கு" என்றார் சுலாஸ்மி. இந்த முறை அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

படகுத்துறையில் வுர்யானி வழிகாட்டி பார்ஜோவைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அக்காவுக்குப் பெரிய டியூபா குடுங்க. லாரி டியூப் ஏதாவது இருக்கா?"

"எல்லாமே லாரி டியூபுதாம்மா" என்றார் பார்ஜோ.

"வெடிச்சிடாதே?"

"லாரியவே தாங்குதும்மா."

பெண்கள் சிரித்தார்கள். சுலாஸ்மியும் சிரித்தார், சிரிக்காவிட்டால் கோபம் என்பார்களே.

"அக்கா, தண்ணியில ரொம்ப நேரம் இருந்தா உடம்புக்குள்ள காத்து ஏறி சளி புடிச்சிடும். பேசாம இங்கயே இருந்திடுங்களேன், பையெல்லாம் பாத்துக்கிட்டு."

"பைய நீ பாத்துக்கோ, வுர்யானி" என்று சொல்லிவிட்டு சுலாஸ்மி டியூபில் சாய்ந்தார். டியூப் ஒரு விரற்கடை இறங்கியது. பிறகு, எல்லா டியூபுகளையும் போல மிதந்தது.

வுர்யானி விடுவாரா? பக்கத்திலேயே தன் டியூபைச் சேர்த்து, அக்காவின் டியூபில் கட்டியிருந்த கயிற்றை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். வெளிச்சம் மங்கி, வௌவால் நாற்றம் வந்து, இருட்டு கனத்தது. நடுவில் கூரையிலிருந்து இறங்கிய பெரிய கல்தூண். ஒரு டியூப் மட்டும் நுழைகிற இடைவெளி. அங்கே வரிசை நின்றுபோயிற்று. பின்னால் வந்த டியூபுகள் ஒன்றையொன்று முட்டின.

"நான் அப்பவே சொன்னேனே! அக்கா மாட்டிக்கிட்டாங்க!" வுர்யானியின் குரல் குகை முழுக்க எதிரொலித்தது.

சுலாஸ்மி தலையைத் தூக்கி வழிகாட்டியைப் பார்த்தார். இங்கிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்களோ?

பார்ஜோ விளக்கை அடித்துப் பார்த்தார். "அவங்க மாட்டலம்மா. ரெண்டு டியூப் ஒண்ணா நுழையாது. கைய விடுங்க."

"விட்டா அவங்களுக்கு ஏதாவது ஆயிடும்!"

"வுர்யானி," என்றார் சுலாஸ்மி, மெதுவாக, "நீ விட்டாதான் நான் போக முடியும்."

கை விட்டது. டியூப் ஒரு சுற்றுச் சுற்றி, கல்லில் உரசாமல் நழுவிப் போயிற்று. பருத்தவருக்கும் ஒல்லியானவருக்கும் டியூபின் அகலம் ஒன்றுதானே! யாருக்காவது அது முன்பே தோன்றியதா?

அப்புறம் அந்த ஓட்டை வந்தது. வெயில் ஒரு கற்றையாக விழுந்து தண்ணீரைப் பச்சையாக்கியது. சுலாஸ்மி மல்லாந்து, முகத்தை அதில் காட்டினார். ஆசை தீரப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பின்னாலேயே வுர்யானி வந்து சேர்ந்தார்.

"பாத்தீங்களாக்கா? நான் புடிச்சிட்டு வந்ததாலதான் ஒண்ணும் ஆகல!"

"ஆமாம்மா" என்றார் சுலாஸ்மி, கண்ணைத் திறக்காமலே.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லைதான். ஆனாலும், இவ்வளவு நேரத்தில் ஒரு தடவையாவது, 'அந்தம்மா எத்தனை கிலோ இருப்பார்?' என்று உங்கள் மனம் கேட்டிருக்குமே? அக்கறையால்தான், சந்தேகமில்லை. அந்தக் கிலோக் கணக்கை நடுவில் எங்கேயாவது சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்னும் சொல்லவில்லை.