இல்லாத முள்ளம்பன்றிக்கு எதற்குப் பூட்டு?

ஒரு காட்டில் ஒரு காவல் நிலையம் இருந்தது. ஒரு சிங்கம் இருந்தது என்று ஆரம்பிப்பதுதான் முறை. சிங்கமும் இருந்தது, ஆனால் அது மலை மேல், யாருக்கும் அகப்படாத இடத்தில் இருந்தது. கீழே இருந்தவர்களுக்கு அகப்பட்டது காவல் நிலையம்தான். சரியாகச் சொன்னால், காவல் நிலையத்துக்குத்தான் அவர்கள் அகப்பட்டார்கள்.

அங்கே ஆய்வாளர் கழுதைப்புலி. அவருடைய சொந்தத் தோட்டத்து மரவள்ளிக்கிழங்கை ஒரு காட்டுப்பன்றி தோண்டித் தின்றுவிட்டது. காட்டுப்பன்றிக்குக் கோரைப்பல் உண்டு, மைத்துனர்கள் வேறு நிறைய. அதைத் தொடுவானேன், பெயரில் 'பன்றி' என்பது வரைக்கும் பொருந்தினால் போதாதா என்று, வழியோடு போன மாசிலாமணி என்ற முள்ளம்பன்றியை "சும்மா ஒரு விசாரணை" என்று சொல்லி அழைத்துப்போனார்கள். போனவன் திரும்பவில்லை.

அன்றிலிருந்து அவன் மனைவி அஞ்சலைக்குச் சோறு இறங்கவில்லை. நிலைய வாசலில் போய் நின்றால், "ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்காரும்மா" என்றது எழுத்தர் மரநாய். ஐயாவின் குறட்டை உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் காட்டில் தகவல் கேட்கும் சட்டம் ஒன்று உண்டு. யாரும் எதையும் எழுதிக் கேட்கலாம். கேட்டால் பதில் தந்தே ஆகவேண்டும். பதில் உண்மையாக இருக்க வேண்டும் என்று சேர்க்க மட்டும் யாருக்கோ மறந்துவிட்டது. அஞ்சலை மனு போட்டாள்: 'என் புருஷன் உங்கள் நிலையத்தில் இருக்கிறாரா?'

பதில் வரவில்லை. தகவல் ஆணையர் கரடியிடம் புகார் செய்தாள். கரடி கை சுத்தமான அதிகாரி. அடுத்தவர் பொருள் எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாது, புகார் உட்பட. யார்மேல் புகாரோ அவருக்கே 'உரிய நடவடிக்கைக்கு' என்று எழுதி அனுப்பிவிடும். கழுதைப்புலிமேல் வந்த புகாரைக் கழுதைப்புலியே தீர விசாரித்து, முத்திரை குத்திப் பதில் அனுப்பினார்: 'அப்படி ஒருவர் இங்கு இல்லை.'

அஞ்சலை விடவில்லை. அந்தக் காட்டு வழக்கப்படி, புகார் கொடுத்தவர் மையில் பாதம் தோய்த்து 'திருப்தி' என்ற இடத்தில் பதித்தால்தான் புகார் தீர்ந்ததாகக் கணக்கு. அவள் பாதத்தைப் பதிக்க மாட்டேன் என்றுவிட்டாள். தீராத புகார் ஒன்று கிடந்தாலும் கழுதைப்புலிக்குப் பதவி உயர்வு கிடையாது. ஆகவே அவர் கேட்டுக்கொண்டபடி, நேரில் விசாரிக்கக் கரடி புறப்பட்டு வந்தது. ஆணையத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லாததால், விசாரணை அதே காவல் நிலையத்தில் நடந்தது.

"இந்தம்மாவோட வீட்டுக்காரர் இங்க இருக்காரா?" என்று கேட்டது கரடி.

"இல்லீங்கய்யா" என்றார் கழுதைப்புலி.

பூட்டிய அறைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "அஞ்சலை! சாப்டியா?"

"நீங்க சாப்டீங்களா?" என்று அவள் அழுதுகொண்டே கத்தினாள்.

"களி குடுத்தாங்க. உப்புதான் இல்ல."

கரடி காதைச் சொறிந்தது. "யாருய்யா அது?"

"யாருமில்லீங்கய்யா."

கரடி 'யாருமில்லை' என்று எழுதிக்கொண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். இங்கே சோறுகூட இல்லாமல் மறைத்தார்கள்.

அஞ்சலைக்கு அழுகை நின்று கோபம் வந்தது. முட்கள் சிலிர்த்துக்கொண்டன. "சரிங்கய்யா, நம்பறேன். யாருமே இல்லாத ரூமுக்குப் பூட்டு எதுக்கு?"

கரடிக்கு உண்மையைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் கிடையாது. பூட்டைப் பற்றி உண்டு. "அதானே! காலி ரூமுக்கு எதுக்குய்யா அரசாங்கப் பூட்டு? ஆடிட்ல கேட்டா நானா பதில் சொல்றது? கழட்டு!"

கழுதைப்புலி மரநாயைப் பார்த்தார். மரநாய், ஐயாவே முத்திரை குத்திய பதிலைப் பார்த்தது. வேறு வழியில்லை, பூட்டு கழன்றது. மாசிலாமணி இளைத்துப்போய், கையில் தட்டோடு வெளியே வந்தான்.

"டேய், நில்றா!" என்று பழக்கதோஷத்தில் மரநாய் கத்திவிட்டது.

"யாரைச் சொல்றீங்க?" என்று கேட்டாள் அஞ்சலை.

கரடி பேனாவைத் திறந்தது. "ஆமா, யாரைய்யா சொன்ன?"

மரநாய் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தது. "யாரையும் இல்லீங்கய்யா."

"தட்டை மட்டும் வச்சிட்டுப் போகச் சொல்லு" என்றார் கழுதைப்புலி, சுவரைப் பார்த்து.

இல்லாத மாசிலாமணி தட்டை வைத்துவிட்டு வாசல் வழியாகவே நடந்து போனான். அஞ்சலை மையில் பாதத்தை நன்றாகத் தோய்த்து, மனசாரப் பதித்துவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். புகார் தீர்ந்தது. கழுதைப்புலிக்குப் பதவி உயர்வும் வந்தது, மலை மேலிருந்து ஒரு பாராட்டுப் பத்திரமும் வந்தது. அந்தப் பத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அந்தத் திறந்த கதவுதான் ஞாபகம் வந்தது. பட்டுத் தெளிந்தவர், நிலையத்தைத் திருத்தினார்.

சேதி கேட்டு, குப்பாண்டி என்ற முயல் ஆசையோடு மனு போட்டது. அதன் தம்பியைப் போனவாரம் பிடித்துப் போயிருந்தார்கள். அன்று சாயங்காலமே பதில் கைக்கு வந்துவிட்டது: 'ஆம். தங்கள் தம்பி இங்கேதான் இருக்கிறார். நலம். பூட்டு உறுதியாக உள்ளது.'

முயல் பதறிக்கொண்டு கரடியிடம் ஓடியது.

"கேட்ட தகவல் கெடைச்சுதா?" என்றது கரடி.

"கெடைச்சுதுங்க."

"பொய்யா?"

"இல்லீங்க, நெசந்தானுங்க."

"அப்புறம் என்னப்பா குறை உனக்கு? பாதத்தைக் கொண்டா."

முயல் அழுதுகொண்டே பாதத்தை நீட்டியது. தம்பி இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.

நீதி: காவல் நிலையம் பொய் சொல்லும் வரைக்கும் நம்பிக்கை இழக்காதே; உண்மையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டால் உடனே நல்ல வக்கீலாகப் பார்.